கடிக்காத கருவி

ஜூலை 3, திங்கள்

எனக்குச் செத்த கருவியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள்.

இது வலது கை எழுத்து. இந்த ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம்.

ஜூலை 4, செவ்வாய்

வலது கை: எனக்குச் செத்த கருவியைக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள். (நேற்று எழுதியதேதான். மாற்றி எழுத வேண்டிய அவசியம் நேரவில்லை.)

இனி இடது கை. செப்புக்கம்பியில் காயில் சுற்றுகிறவனுக்கு இரண்டு கையும் வேலை செய்தாக வேண்டும். அதனால் இடது கையிலும் எழுதுவேன். எழுத்து மட்டும் பின்பக்கமாகச் சாயும்.

என் பெயர் ஆவுடையப்பன். வயது எழுபத்தொன்று. திருநெல்வேலி டவுணில் நாற்பத்தாறு வருஷம் மோட்டாருக்குக் காயில் கட்டினேன். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் கிடையாது. எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பிரித்தே மின்சாரம் படித்தவன். பிப்ரவரியில் ஒரு காலை, பல் தேய்க்கும்போது பிரஷ் கையை விட்டு விழுந்தது. மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். கால் ஒரு மாதத்தில் திரும்பியது. பேச்சு ஒரு வாரத்திலேயே திரும்பியது; அதில் வடிவுக்குச் சற்று வருத்தம். வலது கை மட்டும் திரும்பவில்லை.

வடிவு என் மனைவி. தினமும் காலையில் என் சட்டைப் பொத்தான் ஐந்தையும் அவள்தான் போட்டுவிடுகிறாள். நாற்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு கிட்டத்தில் நின்று அவள் என்னைப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு, "மூக்கு முடிய வெட்டணும்" என்கிறாள். பொத்தானே இல்லாத பனியன் ஒன்றை மகன் வாங்கி வந்தான். அதைச் சைக்கிள் துடைக்கப் போட்டுவிட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் சட்டையை நானே போட்டுக்கொள்ள வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு ஆஸ்பத்திரி. அங்கே ஆறு வார ஆராய்ச்சி. இடது காதின் குழிவில் ஒரு கிளிப்பை மாட்டி, தினம் ஒரு மணி நேரம் மெல்லிய மின்சாரம் கொடுப்பார்கள். மாட்டிக்கொண்டே கைப்பயிற்சி செய்ய வேண்டும். வேகஸ் என்று ஒரு நரம்பாம். மூளையில் கிளம்பி கழுத்து, நெஞ்சு, வயிறு என்று எங்கெங்கோ போய்வருவதால் லத்தீனில் அதற்கு ஊர்சுற்றி என்று பெயராம். அதன் கிளை ஒன்று காதுத் தோலுக்கு அடியில் வருகிறது. அதைத் தட்டினால் மூளை விழித்துக்கொண்டு, கை செய்கிற பயிற்சியைச் சீக்கிரம் மனதில் வாங்கிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறார்கள். கத்தி இல்லை, தையல் இல்லை. காதில் வளர்ந்திருந்த முடியை மட்டும் வெட்டினார்கள். ஒரு ஊர்சுற்றியை நம்பி என் கையை ஒப்படைத்தேன்.

மொத்தம் நாற்பது பேர். இருபது பேருக்கு உயிருள்ள கருவி. இருபது பேருக்குச் செத்தது. பார்க்க இரண்டும் ஒன்று. மேலே நம்பர் ஸ்டிக்கர் மட்டும் வேறு. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாதாம்! சென்னையில் ஒருவர் பட்டியலைப் பூட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முடிந்த பிறகு, செத்தது வாங்கியவர்களுக்கு உயிருள்ளதை ஆறு வாரம் கொடுப்பார்களாம். இதையெல்லாம் படித்துக் காட்டி, இடது கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டார்கள். நாற்பத்தாறு வருஷம் கேரண்டி சீட்டில் கையெழுத்துப் போட்டவனிடம் கைநாட்டு. நானும் வைத்தேன். செத்த கருவி யாராவது ஏமாளிக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டேதான் வைத்தேன்.

இந்த நோட்டும் ஆஸ்பத்திரி கொடுத்ததே. மூன்றாம் வாரத்திலிருந்து தினம் பத்து வரி வலது கையால் எழுத வேண்டும். "என்ன வேணும்னாலும் எழுதுங்க ஐயா, எழுத்து வடிவத்தத்தான் பாப்போம்" என்றாள் பயிற்சி கொடுக்கும் ஜெஸ்லின். ஆகவே யாரும் படிக்கப்போவதில்லை. தைரியமாக உண்மையை எழுதலாம்.

ஜூலை 5, புதன்

வலது கை: சட்டை. சட்டை. சட்டை. பொத்தான். (இருபது நிமிஷம்.)

இடது கை: செத்தது என்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். திங்கட்கிழமை நடந்தது இது.

வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், பயிற்சி அறையில் ஜெஸ்லின் முன்னால் செய்ய வேண்டும். மற்ற நாள் வீட்டில். என் நேரத்துக்கே வருகிறவர் தேவசகாயம் சார், ரிட்டையர்டு தலைமையாசிரியர், வயது எழுபத்திநாலு. அவருக்கும் வலது கைதான். விரல் ஐந்தும் மடங்கி முஷ்டியாகக் கிடக்கிறது. எப்போதும் வெள்ளை ஜிப்பா. தலைவழியே மாட்டிக்கொண்டு மேடைக்குப் போகிறவர் மாதிரி வந்து நிற்பார். எந்த மேடை என்றுதான் தெரியவில்லை.

"கடிக்குதா வே உமக்கு?" என்று கேட்டார்.

"எது?"

"காதுல. போட்டவுடனே கட்டெறும்பு கடிச்ச மாதிரி சுருக்குன்னுது. ஒரு நிமிசம்தான். பொறவு அடங்கிருது."

இரண்டு வாரமாக என்னை எதுவும் கடிக்கவில்லை. எறும்பு என்ன, கொசு கூட இல்லை.

"உம்ம நம்பர் என்ன சார்வாள்?"

"இருபத்திரெண்டு. உமக்கு?"

"பதினேழு."

"ம்... பதினேழு" என்று இழுத்தார். சாவு வீட்டில் துட்டி கேட்கிற குரல்.

அங்கேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கடித்தால் கரண்ட். கடிக்காவிட்டால் கரண்ட் இல்லை. இதைச் சொல்ல சென்னையில் ஒருவர் பட்டியலோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஜூலை 7, வெள்ளி

வலது கை: பதினேழு செத்தது. இருபத்திரண்டு உயிருள்ளது. இது அநியாயம். (பதினைந்து நிமிஷம். கோபத்தில் வேகமாக வந்துவிட்டது. முன்னேற்றம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

இடது கை: இன்று வீட்டில் முறையாகச் சோதித்தேன். கருவியை ஓடவிட்டு கிளிப்பில் டெஸ்டரை வைத்தேன். லைட் எரியவில்லை. கடையிலிருந்து என் பழைய மீட்டரைக் கொண்டுவரச் சொன்னேன். முப்பது வருஷமாகப் பொய் சொல்லாத மீட்டர். முள் அசையவில்லை. கடைசியாக நாக்கில் வைக்கப் போனேன்.

வடிவு கையைப் பிடித்துக்கொண்டாள். "நாக்குல வைக்காதிய! காதுக்குள்ளது காதோட இருக்கட்டும்."

"செத்த சாமான், வடிவு. கடிக்கவே இல்ல."

"உங்கள எப்பம்தான் கரண்டு கடிச்சிருக்கு? ஈரக்கையோட மெயின்ல கைய வச்சிட்டு, 'லேசாத்தான் இருக்கு'ன்னு சொன்ன மனுசன் நீங்க. அன்னைக்குக் கரண்டுதான் உங்களப் பாத்துப் பயந்து விலகிப் போச்சி."

சம்பந்தமில்லாத பேச்சு. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

காலையில் நடுப் பொத்தானை நானே போட்டேன். அதன் ஓட்டை கொஞ்சம் பெரிசு. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஜூலை 10, திங்கள்

வலது கை: பத்து வரியும் எழுதினேன். பத்தும் ஒரே வாசகம். அது என்ன என்று சொல்லத் தேவையில்லை.

இடது கை: டாக்டர் நெல்லைநாயகத்தை நேரில் பார்த்துக் கேட்டேன். நல்ல மனிதர்தான், நாற்பது வயது இருக்கும். வெளிநாட்டில் படித்ததாகப் பலகையில் போட்டிருக்கிறது. படித்து என்ன?

"டாக்டர், பதினேழு செத்தது."

"எனக்குத் தெரியாதுங்க ஐயா."

"அதான் சொல்லுதேன்ல. இப்பம் தெரிஞ்சுக்கிடுங்க."

"நீங்க சொல்லவும் கூடாது, நான் கேக்கவும் கூடாது. அதுதான் முறை."

"நான் ஒரு மோட்டாரக் கொடுத்துட்டு, இதுக்குள்ள காயில் இருக்கா இல்லையான்னு எனக்கே தெரியாதுன்னு சொன்னா, என்னைய விடுவியளா?"

அவர் சிரித்தார். "காயில் இல்லாமலே சில மோட்டார் ஓடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?"

"ஓடாது."

"கை ஓடும் ஐயா. பயிற்சியிலயும், நம்பிக்கையிலயும், பக்கத்துல ஒரு ஆள் நின்னு கவனிக்கிறதுலயும் கொஞ்சம் கை வரத்தான் செய்யும். அதுக்கு மேல இந்தக் கருவி என்ன கொடுக்குதுன்னு பிரிச்சுப் பாக்கணும். யாருக்கு எதுன்னு எனக்குத் தெரிஞ்சா, தெரிஞ்ச ஆளுக்கு ஒரு மார்க் கூடப் போட்டுருவேன். அதனாலதான் என் கண்ணையும் கட்டி வச்சிருக்காங்க."

கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் செய்கிறவரை முதல்முறையாகப் பார்க்கிறேன். அதுவும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். நம்பிக்கையில் ஓடிய மோட்டார் ஒன்றுகூட என் கடைக்கு வந்ததில்லை என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஜூலை 12, புதன்

வலது கை: கடமைக்குப் பத்து வரி. இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. நியாயம் கேட்டேன், கிடைக்கவில்லை. ஆகவே நியாயத்தை நானே செய்துகொண்டேன்.

பயிற்சி முடிந்ததும் எல்லோருடைய கருவியையும் பயிற்சி அறை மேஜையில் வைத்துவிட்டு வராந்தாவில் டீ குடிப்போம். தேவசகாயம் சார் டீயை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். யாரிடமோ பத்தாம் வகுப்புப் பாடத்திட்டம் கெட்டுப்போனது பற்றிப் பேச ஆரம்பித்தார். அது அரை மணி நேரத்துக்குக் குறையாது. ஜெஸ்லின் போனில் இருந்தாள். மேஜையருகில் நான் தனி.

ஸ்டிக்கரை உரிப்பது எனக்குப் புதிதல்ல. மோட்டார் மேல் ஒட்டிய எத்தனையோ கம்பெனி ஸ்டிக்கரைக் கிழியாமல் உரித்து, வேலை முடிந்த பிறகு ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். பெட்டியை வலது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இடது நகத்தால் ஓரத்தைக் கிளப்பினேன். (வலது கை பிடித்தது. பதற்றத்தில் பிடித்தது, கணக்கில்லை.) பதினேழை எடுத்து இருபத்திரண்டின் மேல். இருபத்திரண்டை எடுத்துப் பதினேழின் மேல். மொத்தம் இரண்டு நிமிஷம். என் கடையில் யாரும் இதைவிடச் சுத்தமாகச் செய்திருக்க முடியாது.

இதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. திருடினால் ஒருவரிடம் குறைய வேண்டும். அவரிடமும் ஒரு கருவி இருக்கிறது, என்னிடமும் ஒன்று இருக்கிறது. அரசாங்கத்தில் ஆபீசர்களை இங்கிருந்து அங்கே மாற்றுவதில்லையா? இடமாற்றம். மேலும் அவர் தலைமையாசிரியராகவே முப்பது வருஷம் உட்கார்ந்தவர். முன்வரிசையிலேயே இருந்து பழகியவர், ஒரு தடவை பின்வரிசை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளட்டும். எனக்கு ஐந்து பொத்தான் இருக்கிறது. அவருடைய ஜிப்பாவில் ஒன்றுகூட இல்லை. யாருக்குத் தேவை அதிகம் என்பதை எந்தக் கோர்ட்டும் ஒத்துக்கொள்ளும்.

ஜூலை 13, வியாழன்

கடித்தது! சுருக்கென்று, கட்டெறும்பேதான். கரண்ட் என்றால் இது.

ஜூலை 17, திங்கள்

புதிய கருவி வந்து ஐந்து நாள். பலனை வரிசையாக எழுதி வைக்கிறேன். தம்ளரை வலது கையால் தூக்கினேன். சாவியைத் திருப்பினேன். கடைக்காரனிடம் போனில் சண்டை போடும்போது போன் வலது கையில் இருந்தது. சட்டையில் இரண்டு பொத்தான் போட்டேன்.

வடிவிடம் சொன்னேன். "பாத்தியா? உயிருள்ள கரண்டுன்னா இப்படி."

"ரெண்டு பொத்தான் போன வாரமே போட்டிய. நான்தான் சொல்லலை, சொன்னா மறுபடி கழட்டிருவியளோன்னு."

இவளுக்கு எதிலும் நம்பிக்கை கிடையாது.

இன்று பயிற்சியில் ஒரு விசித்திரம். தேவசகாயம் சாரின் முஷ்டி பாதி திறந்திருந்தது. மரக்குச்சியை எடுத்துத் துளையில் செருகுகிற பரீட்சையில் போன வாரம் ஒன்றுகூட வைக்காதவர், இன்று நான்கு வைத்தார். ஜெஸ்லின் கைதட்டினாள்.

"இப்பம் கடிக்கவே மாட்டேங்குது வே" என்றார் என்னிடம். "காது மரத்துப் போச்சி போல."

செத்த கருவியை மாட்டிக்கொண்டு ஒருவர் இப்படித் தேறினால் அது நடிப்புதான். பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் நாடகம் போட்டுப் பழகிய ஆள்.

ஜூலை 19, புதன்

இன்று டீக்கு வராந்தாவில் இருவர் மட்டும். மழைத்தூறல். சும்மா இருக்க முடியாமல் அந்த ஜிப்பாவைக் கிண்டல் செய்தேன்.

"எலெக்‌ஷன்ல நிக்கப் போறியளோ சார்வாள்?"

அவர் ஜிப்பாவின் நுனியை இழுத்துப் பார்த்துக்கொண்டார். "எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது வே. நாப்பது வருசம் முழுக்கைச் சட்டைதான், கழுத்துப் பொத்தான் வரைக்கும். ஸ்கூலுக்கும் அதான், சர்ச்சுக்கும் அதான். வீட்டுக்காரி போயி ரெண்டு வருசமாச்சு. மக கனடாவுல. கை இப்படி ஆனபொறவு பொத்தான் யாரு போடுவா? பக்கத்து வீட்டுல போய்க் கதவத் தட்டி, 'எம்மா, கொஞ்சம் பொத்தான் போட்டு விடுங்க'ன்னா கேக்க முடியும்?"

நான் டீயைக் குடித்தேன்.

"இஸ்திரி போட்ட சட்டை ஆறு, பீரோவுல அப்படியே தொங்குது. இந்தக் கை திறந்துட்டுன்னா முதல் ஞாயித்துக்கிழமையே ஒண்ண எடுத்துப் போடணும். உமக்கென்ன வே, வீட்டுல ஆள் இருக்கு."

டீயில் சர்க்கரை அதிகம்.

ஜூலை 20, வியாழன்

எழுத ஒன்றுமில்லை.

ஜூலை 22, சனி

இரண்டு நாளாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிடலாம். ஆனால் உடனே அல்ல. மூன்று பொத்தான் ஆகியிருக்கிறது. ஐந்தும் ஆனவுடன் ஸ்டிக்கரை மறுபடி மாற்றிவிடுவேன். இரண்டு பொத்தான்தானே மிச்சம்? அதிகம் போனால் பத்து நாள். அதற்குள் ஆராய்ச்சியே முடிந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நாள் குறித்தது நானா?

வடிவு பொத்தான் போடும்போது தேவசகாயம் சாரைப் பற்றிச் சொன்னேன். ஸ்டிக்கர் விஷயம் இல்லை, சட்டை விஷயம் மட்டும். அவள் கை நின்றது.

"பாவம். ஒரு சொல்லு அனுப்பிருந்தா நானே போயிப் போட்டு விட்டிருப்பேனே."

"சும்மா இரு. தலைமையாசிரியருக்கு நீ போயிப் பொத்தான் போட்டு விடுவியாக்கும்."

"நீங்க போயிப் போட்டு விடுங்களேன்."

"நானா? எனக்கே நீ போடுத."

"அதான் மூணு பொத்தான் வந்துட்டுல்லா" என்று சொல்லிவிட்டு மிச்சம் இரண்டையும் போட்டாள்.

ஜூலை 24, திங்கள்

நேற்று தேவசகாயம் சார் சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, கடைசிப் பாட்டு வரைக்கும் நின்றாராம். பொத்தான் இன்னும் விரலுக்குப் பிடிபடவில்லை, ஜிப்பாவோடுதான் போயிருக்கிறார். சொல்லும்போது கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஜெஸ்லினுக்கும் கலங்கியது. வராந்தாவில் கூட்டிக்கொண்டிருந்த அம்மாளும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டு மூக்கைச் சிந்தினாள்.

நான் கணக்குப் போட்டேன். செத்த கருவி, பன்னிரண்டு நாள். முஷ்டி திறந்துவிட்டது. உயிருள்ள கருவி, அதே பன்னிரண்டு நாள். எனக்குக் கூடியது ஒரே ஒரு பொத்தான். ஆக இந்த ஆராய்ச்சியே மோசடி. ஊர்சுற்றியும் இல்லை, நரம்பும் இல்லை. மேலதிகாரிகளுக்கு எழுதலாம் என்றிருக்கிறேன்.

மனது ஏனோ கொஞ்சம் லேசாக இருக்கிறது. திருப்பிக் கொடுக்கிற வேலை இனி இல்லை என்பதால் இருக்கலாம்.

ஜூலை 28, வெள்ளி

கடைசி நாள். நோட்டைக் கொடுங்கள் என்றாள் ஜெஸ்லின். எழுத்து வடிவத்தை மட்டும் பார்ப்பார்கள் என்று நினைத்து நீட்டிவிட்டேன். அவள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஜூலை பன்னிரண்டில் நின்றாள். முதலில் அவள் முகத்தில் பெரிய சிரிப்பு.

"ஐயா, இது எந்தக் கை?"

"இடது கை" என்றேன்.

"இல்ல. இடது கை எழுத்து பின்னாடி சாயும், நீங்களே எழுதிருக்கீங்க. இது நேரா நிக்குது. பன்னெண்டாந்தேதிலருந்து எல்லாமே வலது கை."

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். 'கடமைக்குப் பத்து வரி' என்று வலது கையில் ஆரம்பித்தேன். கோபத்தில் கையை மாற்ற மறந்துவிட்டேன். பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன், ஒருநாள்கூட எனக்குத் தெரியவில்லை.

அவள் சந்தோஷமாகப் படிக்க ஆரம்பித்தாள். அதுதான் தவறு. வடிவம் பார்க்கிறவர்கள் படிக்கக் கூடாது. படிக்கப் படிக்கச் சிரிப்பு போய்விட்டது.

"ஸ்டிக்கர மாத்துனீங்களா ஐயா?"

டாக்டர் வந்தார். தேவசகாயம் சாரையும் கூப்பிட்டார்கள். சென்னைக்குப் போன் போயிற்று. எங்கள் இரண்டு நம்பருக்கு மட்டும் பூட்டைத் திறந்து சொல்ல அனுமதி கிடைக்க இரண்டு மணி நேரம். அதுவரை ஒரே பெஞ்சில் நானும் சாரும். முப்பது வருஷம் பையன்களை இப்படித்தான் வெளியே உட்கார வைத்திருப்பார் போல.

டாக்டர் வந்து நின்றார். "முதல்ல பதினேழா இருந்தது உயிருள்ள கருவி. இருபத்திரெண்டுதான் போலி."

"அதெப்படி? அதுதான கடிக்குது?"

"போலி முதல் ஒரு நிமிசம் கடிச்சிட்டு நின்னுரும். ஆளுக்குச் சந்தேகம் வரக் கூடாதுன்னு அப்படிச் செஞ்சிருக்காங்களாம், சென்னையில இப்பதான் சொன்னாங்க. உண்மையானத, அவங்கவங்க உணருற அளவுக்கு ஒரு படி கீழ வச்சுப் பூட்டிருக்காங்க. கடிக்கணும்னு அவசியமே இல்ல, நரம்புக்குப் போனாப் போதும்."

"என் மீட்டர் காட்டலையே!"

"அது கண் இமைக்கிறதுல ஆயிரத்துல ஒரு பங்கு நேரம் வந்து போற துடிப்பு ஐயா. உங்க மீட்டர் முள்ளு எழும்புறதுக்குள்ள அது முடிஞ்சிரும்."

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வேறு மீட்டர் கொண்டுவந்திருப்பேன்.

"அப்பம் எங்க கை வந்தது கருவியாலதானா?" என்று கேட்டார் தேவசகாயம் சார். வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி.

"தெரியாது சார். உங்களுக்குக் கருவியால வந்திருக்கலாம், நாள் ஆனதால வந்திருக்கலாம். இவருக்கு மூணு வாரம் கருவியால வந்திருக்கலாம், இல்ல ஆஸ்பத்திரியத் திட்டி எழுதி எழுதியே வந்திருக்கலாம். ரெண்டு பேர வச்சு ஒண்ணுமே சொல்ல முடியாது. அதனாலதான் நாப்பது பேர். இனிமே பக்கவாதம் வந்து வாறவங்க 'இத மாட்டட்டுமா'ன்னு கேக்கும்போது உண்மையான பதில் சொல்லத்தான் இவ்வளவும். நீங்க ரெண்டு பேரோட ஆறு வாரத்தத் தூக்கிக் குப்பையில போட்டுட்டீங்க ஐயா."

குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன்.

பிறகு ஒன்று சொன்னார். இருபத்திரண்டாம் நம்பர்க்காரருக்கு, போலி வாங்கியவர் என்ற முறையில், ஆறு வாரம் உயிருள்ள கருவி வர வேண்டியது. இப்போது அவரும் நானும் ஆராய்ச்சியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதால், அந்த உரிமை தானாக வராது. ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக் கமிட்டி மனது வைக்க வேண்டும்.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியை, வலது கையால், கழற்றித் துடைத்தார்.

"பரீட்சை ஹால்ல பேப்பர் மாத்துனவன் எத்தனையோ பேரப் பிடிச்சிருக்கேன் வே. தன் நல்ல பேப்பரக் கொடுத்துட்டு, அடுத்தவன் முட்டை பேப்பர வாங்கிட்டுப் போனவன இப்பம்தான் பாக்கேன்."

ஜெஸ்லின் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 29, சனி

காலையில் ஐந்து பொத்தானும் போட்டேன். வடிவு எதிரில் வந்து நின்றாள். அவள் கைக்கு வேலை இல்லை. காலரை மட்டும் இழுத்துச் சரிசெய்துவிட்டு அடுக்களைக்குப் போனாள்.

எனக்கு நடந்த அநியாயத்தை இப்போது திருத்தி எழுதுகிறேன். நல்ல கருவியைக் கொடுத்தார்கள். நல்லதென்று சொல்லாமல் கொடுத்தார்கள். இதை நான் மன்னிப்பதாக இல்லை. செய்ய வேண்டியவை:

டாக்டர் நெல்லைநாயகம்: இனிச் சேருகிறவர்களிடம், கடிக்காததாலேயே செத்தது என்று அர்த்தமில்லை என்பதை முதல்நாளே சொல்ல வேண்டும். சொன்னால் ஆராய்ச்சி கெட்டுவிடும் என்பார். அப்படியானால் மோட்டார் மெக்கானிக்குகளைச் சேர்க்கக் கூடாது.

ஸ்டிக்கர் ஒட்டியவர்: உரியாத ஸ்டிக்கர் வாங்க வேண்டும். எங்கே கிடைக்கும் என்று என்னைக் கேட்டால் சொல்லுவேன்.

எங்கள் இடத்தில் புதிதாக வரப்போகிற இரண்டு பேர்: கொடுத்ததை மாட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். இதை அவர்களிடம் நேரில் சொல்லவும் நான் தயார். ஆஸ்பத்திரிதான் என்னை உள்ளே விட யோசிக்கிறது.

ஜெஸ்லின்: நோட்டைப் படிக்கக் கூடாது. படித்தால் சிரிக்கக் கூடாது. நாளையிலிருந்தும் எழுதச் சொல்லியிருக்கிறாள்; வேறு நோட்டு வாங்கித் தர வேண்டும், இதில் இடமில்லை.

கமிட்டி: தேவசகாயம் சாருக்குரிய ஆறு வாரத்தைக் குறையாமல் கொடுக்க வேண்டும். தவறு முழுக்க பதினேழாம் நம்பர்க்காரனுடையது, இருபத்திரண்டாம் நம்பர்க்காரருக்கு ஒன்றும் தெரியாது என்று நான்கு பக்கம் மனு எழுதிவிட்டேன். வலது கை. கீழே கைநாட்டு இல்லை, கையெழுத்து. எனக்குக் கருவி வேண்டாம். இனி அது கடித்தாலும் நம்ப மாட்டேன், கடிக்காவிட்டாலும் நம்ப மாட்டேன்.

வடிவு: விடியற்காலை எழுப்ப வேண்டும். வழியில் சாப்பிட இட்லி கட்டித் தர வேண்டும், இரண்டு பேருக்கு.

தேவசகாயம் சார்: பீரோவிலிருந்து ஒரு முழுக்கைச் சட்டையை எடுத்து வெளியே வைக்க வேண்டும். காலை ஆறரைக்குக் கதவைத் திறக்க வேண்டும். பாடம் நடத்தாமல் நேராக நிற்க வேண்டும்.

ஆவுடையப்பன்: ஞாயிறு காலை பாளையங்கோட்டைக்குப் போய் அந்தச் சட்டையின் பொத்தான்களை, மணிக்கட்டில் உள்ளதையும் சேர்த்து, வலது கையால் போட்டுவிட வேண்டும். கழுத்துப் பொத்தானைச் சற்று இறுக்கியே போட வேண்டும். சர்ச் போய்ச் சேரும்வரை பேச்சு கொஞ்சம் குறையும்.